நீராகாரம் மட்டும்

வெள்ளியங்கிரி பொய் சொல்லிப் பழகாதவர். கணபதி என்னும் ஊரில் பம்புசெட்டுகளுக்கு புஷ்ஷும் ஷாஃப்ட்டும் கடைந்து கொடுக்கும் தொழிலில் பொய்க்கு இடமில்லை என்பது அவருடைய கருத்து. ஓர் இரும்புத் துண்டு இருபது மில்லிமீட்டர் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அடுத்த நிமிடமே இன்னொருவர் வெர்னியரை எடுத்து அளந்து பார்த்துவிடுவார். ஆகவே ஐம்பத்திரண்டாம் வயதில், மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், "மறைக்காமச் சொல்லுங்க சார், என்ன சாப்பிட்டீங்க?" என்று ஓர் இளம்பெண் வினவியபோது அவருக்குக் கோபம் வரவில்லை. அந்தக் கேள்வியின் பொருள் விளங்கவே அவருக்குச் சிறிது நேரம் பிடித்தது.

அவரைப் பிடித்த நோய் பதினோராண்டு வயதுடையது. உண்ட உணவு இரைப்பையில் அடங்கியிராமல், புளித்த நீராக மாறித் தொண்டை வரை ஏறி வருவதே அந்நோயின் இயல்பு. ஊரார் அதனை நெஞ்சுக்கரிப்பு என்பர். லேத்தின் முன் குனிந்தால் ஏறும். செருப்பு வாரை மாட்டக் குனிந்தால் ஏறும். படுத்தால் கேட்கவே வேண்டாம். இதன் காரணமாக அவர் ஆறு ஆண்டுகளாகச் சாய்வு நாற்காலியிலேயே உறங்கி வந்தார். காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, இரவில் ஒரு மாத்திரை, இடையிடையே இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு மருந்து என்று காலம் கழிந்தது. மாத்திரையின் பெயர் மூன்று முறை மாறியது; கரிப்பு மாறவில்லை. கடந்த ஆடி மாதத்தில் வாய் வழியாகக் குழாயை இறக்கிப் பார்த்தபோது, உணவுக்குழாயின் அடிப்பகுதியில் உட்தோல் நிறம் மாறத் தொடங்கியிருப்பது தெரிய வந்தது. அதை அப்படியே விட்டால் பிற்காலத்தில் புற்றாக மாறவும் வாய்ப்புண்டு என்று மருத்துவர் ஜெரால்டு கூறினார்.

ஜெரால்டு இரைப்பை, குடல் அறுவையில் இருபது ஆண்டு அனுபவம் உடையவர். நோயாளியின் தொழிலைக் கேட்டறிந்து, அந்தத் தொழிலின் மொழியிலேயே நோயை விளக்குவது அவர் வழக்கம்.

"கிணத்துக்குள்ள பைப்போட அடியில ஃபுட்வால்வு போடறீங்களே, அது எதுக்குங்க?" என்று அவர் கேட்டார்.

"ஏறுன தண்ணி திரும்ப எறங்காம இருக்கறதுக்குங்க."

"உங்க வயித்து வாசல்லயும் அப்படி ஒண்ணு இருக்குது. எறங்கினது ஏறாம இருக்கறதுக்கு. அது தளர்ந்துபோச்சு. போதாததுக்கு நூத்தி இருபத்தோரு கிலோ எடை அடியிலிருந்து அமுக்கிட்டே இருக்குது."

"அப்ப வால்வை மட்டும் மாத்திப்போடலாமுங்களே."

"தைச்சு இறுக்கலாம். அழுத்தம் குறையலைன்னா ரெண்டு மூணு வருசத்துல மறுபடி ஒழுகும். உங்களுக்குத் தோதானது எடைக்குறைப்பு ஆப்பரேசன்தான். இரைப்பையோட தலைமாட்டுல சின்னதா ஒரு பையைப் பிரிச்சு, குடலைக் கொண்டுவந்து அதோட சேர்த்துடுவோம். அமிலம் சுரக்கற பெரிய பகுதி தனியா ஒதுங்கிப்போயிரும். அப்புறம் மேல ஏறி வர்றதுக்குச் சரக்கே இருக்காது. எடையும் எறங்கும்."

இவ்விளக்கம் வெள்ளியங்கிரிக்கு முற்றிலும் உடன்பாடாக இருந்தது. ஆயினும் எடைக்குறைப்பு என்னும் பெயர் மட்டும் இடித்தது. பட்டறையில் பதினைந்து ஆண்டுகளாகத் துளையிடும் எந்திரத்தைப் பார்த்துவரும் மாசாணம், செய்தி கேட்ட அன்றே வாயைத் திறந்துவிட்டார்.

"ஏனுங்க, எளைக்கறதுக்குப் போயி வயித்தக் கிழிக்கறாங்களா? எளைச்சு என்னங்க பண்ணப்போறீங்க, பொண்ணு பார்க்கவா போறீங்க?"

"நெஞ்சுக்கரிப்புக்குன்னு நாஞ் சொல்றேன், எளைக்கறதுங்கற நீ. மிசினப் பாரப்பா."

"கோவிச்சுக்காதீங்க. கரிப்புக்குப் போனா எளைப்பு ஓசி. அப்படித்தானுங்களே?"

அறுவைக்கு முன்னர் ஒரு நிபந்தனை இருந்தது. பருத்த உடலில் கல்லீரலும் கொழுப்பேறிப் பருத்திருக்கும். அதன் இடது பகுதி இரைப்பையின் மேல் கவிந்து, கருவிகளுக்கு வழி விடாது. எனவே இரண்டு வாரங்கள் கடும் உணவுக் கட்டுப்பாடு இருந்து அதனைச் சுருக்க வேண்டும். அதற்கென ஒரு தாள் கொடுக்கப்பட்டது. மூன்று வேளையும் புரதப் பொடி இரண்டு கரண்டி, தண்ணீரில் கலக்கி. இடையில் பசித்தால் நீராகாரம் மட்டும். திட உணவு அறவே கூடாது. தாளில் இருந்தவை இவ்வளவே.

மறுநாள் உணவு ஆலோசகர் லின்சி தொலைபேசியில் அழைத்தார்.

"தாள்ல இருக்கறது புரியுதுங்களா சார்? நீராகாரம்னு போட்டிருக்கேன், அது தெரியுமா?"

"ஏனுங்கம்மணி, அது தெரியாமயா? பொறந்ததுலருந்து குடிக்கறதுதானுங்களே."

"அப்படியா? ரொம்பச் சந்தோசம் சார். நிறையப் பேருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கு."

"எத்தனை குடிக்கலாமுங்க?"

"அதுக்கு அளவெல்லாம் இல்லை சார். பசிக்கிறப்ப எல்லாம் எடுத்துக்கலாம். ஆனா அது மட்டுந்தான்."

தொலைபேசியை வைத்தபோது வெள்ளியங்கிரி அகமகிழ்ந்தார். கோழி கூடாது, காப்பி கூடாது, பலகாரம் கூடாது என்று பதினோராண்டுகளாக மறுக்க மட்டுமே தெரிந்திருந்த மருத்துவ உலகில், நீராகாரத்தை வேண்டுமளவு பருகச் சொன்ன முதல் ஆள் அந்தப் பெண்ணே. அவர் மனைவி ரங்கம்மாளும் மகிழ்ந்தார். இரவில் சோற்றில் நீரூற்றி வைத்து, காலையில் அதனைக் கையால் பிசைந்து, மோர் விட்டு, உப்புப் போட்டுக் கரைப்பது அவ்வீட்டில் புதிய வேலையன்று. திட உணவு கூடாது என்னும் கட்டளையை மதித்து, ஒரு பருக்கையும் முழுதாகத் தங்காதவாறு அவர் பிசைந்தார். சின்ன வெங்காயத்தைக்கூட நறுக்காமல் நசுக்கிப் போட்டார். மனிதர் வேறொன்றும் உண்ணாமல் கிடக்கிறாரே என்ற இரக்கத்தினால், மாலையில் கம்பு மாவைக் காய்ச்சி ஒரு சொம்பு கரைத்துக் கொடுத்தார்.

அந்தப் பதினான்கு நாள்களைப் போன்ற கட்டுப்பாட்டை வெள்ளியங்கிரி தம் வாழ்நாளில் கடைப்பிடித்ததில்லை. இடையில் பெருந்துறையில் ஒரு திருமணம் வந்தது. ஒறம்பரை உறவினர் எல்லாரும் இலையில் அமர்ந்து உண்டுகொண்டிருக்க, அவர் பந்திக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து தூக்குப்போசியைத் திறந்து நீராகாரத்தைப் பருகினார். ஒரே ஒரு லட்டு என்று பெண் வீட்டார் கையைப் பிடித்தும் அவர் இசையவில்லை. வீடு திரும்பும் வழியில் அதனை எண்ணி எண்ணிப் பெருமை கொண்டார்.

இப்படியெல்லாம் இருந்துவிட்டு, அறுவைக்கு முந்தைய நாள் மருத்துவமனையில் சேர்வதற்குச் சென்றபோதுதான் எடைப்பொறி நூற்று இருபத்திரண்டரை காட்டியது. ஸ்கேன் எடுத்ததில் கல்லீரல் சுருங்குவதற்கு மாறாகச் சற்றே தடித்திருந்தது. உடனே லின்சி வரவழைக்கப்பட்டார். நேரில் பார்த்தால் மெலிந்த உருவமும் சின்னக் குரலும் உடைய பெண். அவர் முதலில் கேட்டதுதான், மறைக்காமல் சொல்லச் சொன்ன அந்தக் கேள்வி.

"பொடியும் நீராகாரமுந்தானுங்க," என்றார் வெள்ளியங்கிரி.

"நீராகாரம் மட்டும்?"

"மட்டுந்தானுங்க."

"சாதம், டிபன், பலகாரம் ஏதாவது?"

"பல்லுல படலீங்க."

"அப்ப ஒன்றரைக் கிலோ எப்படி சார் கூடும்? நான் எழுதிக் கொடுத்ததுல கூடுறதுக்கு வழியே இல்லை."

"உங்க எடை மிசினு தப்பாக் காட்டுதோ என்னமோ."

கீழ்த்தளத்துப் பொறியில் ஏறி நின்றார்; அதுவும் நூற்று இருபத்திரண்டரை என்றது. இரண்டு கருவிகள் ஒரே அளவைக் காட்டினால் அதனை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதும் அவர் தொழிலின் விதி.

மருத்துவர் ஜெரால்டு கடிந்துரைக்கவில்லை. கோப்பில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். அது என்னவென்று வெள்ளியங்கிரி கேட்டார்.

"'உணவுக் கட்டுப்பாட்டைப் பின்பற்றவில்லை, பின்பற்றியதாகக் கூறுகிறார்.' அவ்வளவுதான்."

"நான் பொய் சொல்லலீங்க."

"பொய்யின்னு நானும் சொல்லலை. ஸ்கேன்ல இருக்கறதை எழுதறேன். இங்க பாருங்க, நான் ஒருத்தன் மட்டும் முடிவு பண்ற விசயம் இல்லை இது. வியாழக்கிழமை எங்க குழு கூடும். இந்த ஆப்பரேசனுக்குப் பின்னாடி ஆயுசு முழுக்க அளவுச் சாப்பாடு, ஆயுசு முழுக்கச் சத்து மாத்திரை. அதை விட்டவங்க ரொம்பச் சிரமப்பட்டிருக்காங்க. ரெண்டு வாரம் இருக்க முடியாதவர் ஆயுசுக்கும் எப்படி இருப்பாருன்னு அங்க கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்லட்டும்?"

அறுவை தள்ளிப்போனதைக் காட்டிலும் 'கூறுகிறார்' என்ற அந்த ஒரு சொல்லே அவரை வருத்தியது. அந்தச் சொல் கோப்பில் இருக்கும் வரை இந்த மருத்துவமனையில் தம் வயிற்றை ஒருவரும் தொடமாட்டார் என்பதும், உணவுக்குழாயில் நிறம் மாறிய தோல் வியாழக்கிழமைக்காகக் காத்திராது என்பதும் அவருக்குத் தெளிவாக விளங்கின.

வீட்டில் ரங்கம்மாள் செய்தியைக் கேட்டார். கேட்டு முடிக்கும் வரை கையில் இருந்த துணியை மடித்துக்கொண்டே இருந்தார்.

"நீங்க திருட்டுத்தனமாத் தின்னீங்கன்னு எழுதிப்போட்டாங்களா?"

"அப்படி எழுதலை. ஆனா அர்த்தம் அதுதான்."

"கல்யாண ஊட்ல ஒரு லட்டுகோடத் தொடாத மனுசனையா?" என்றார்.

வியாழனன்று காலையில் ரங்கம்மாள் வழக்கம்போல் சோற்றைப் பிசைந்தார். மோர் விட்டார். வெங்காயத்தை நசுக்கிப் போட்டார். அதனைத் தூக்குப்போசியில் நிரப்பி, மூடியை அழுத்தி, மடியில் வைத்துக்கொண்டு கணவருடன் பேருந்தில் மருத்துவமனைக்குச் சென்றார். லின்சியின் அறைக்குள் நுழைந்து, கணினிக்கும் கோப்புகளுக்கும் நடுவே போசியை வைத்தார்.

"ஏனுங்கம்மணி, எங்கூட்டுக்காரரு சொன்னா நம்பமாட்டீங்களாம். இந்தாங்க. பதினாலு நாளும் இவிய குடிச்சது இதுதான். உங்க ஆசுபத்திரியிலதான் எல்லாத்தையும் டெஸ்ட்டு பண்றீங்களே, இதையும் குடுத்துப் பாத்துப்போட்டு அப்புறம் எழுதுங்க."

லின்சி மூடியைத் திறந்தார். புளித்த மணம் அறை முழுவதும் பரவியது. பக்கத்தில் கிடந்த ஒரு கரண்டியை உள்ளே விட்டுத் தூக்கிப் பார்த்தார். கரண்டியில் இருந்தது சொட்டவில்லை, வழிந்தது.

"இது என்னங்க?"

"நீராகாரம்."

"இல்லைங்க... இது சோறு."

"கரைச்ச சோறு. திடமா இருக்கப்படாதுன்னீங்க, அதுனால பருக்கை இல்லாமப் பெசஞ்சிருக்கறேன். வேணும்னா கைய உட்டுப் பாருங்க."

"ஒரு நாளைக்கு எவ்வளவு அரிசி போடுவீங்க?"

"மூணு டம்ளரு. பொழுதோட கம்மங்கரைசல் ஒரு சொம்பு. பசிச்சா எத்தனை வேணும்னாலும் குடிக்கலாம்னு நீங்கதான் போன்ல சொன்னீங்களாம்."

லின்சி நாற்காலியில் அமர்ந்துவிட்டார். பின்னர் மெல்லப் பேசினார்.

"முன்னாடி இருந்த தாள்ல லிக்விட் டயட்னு இருந்துச்சு. அது யாருக்கும் புரியலைன்னு சொன்னாங்க. நான்தான் போன மாசம் உட்கார்ந்து தமிழ்ல மாத்தினேன். நீர்ன்னா தண்ணி, ஆகாரம்னா சாப்பாடு. தண்ணியா இருக்கற சாப்பாடுன்னு நினைச்சுச் சேர்த்து எழுதினேன். வடிகட்டின ரசம், மோர்த்தண்ணி, உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணி, அந்த மாதிரி."

"ரசத்தண்ணியும் எலுமிச்சைத் தண்ணியும் மட்டுமா?" என்று ரங்கம்மாள் கேட்டார். "அதுக்குப் பேரு நீராகாரம் இல்லீங்கம்மணி. அதுக்குப் பேரு பட்டினி."

"எங்க வீட்ல இதைப் பழைய சோறுன்னுதான் சொல்லுவாங்க. நீராகாரம்னு இப்படி ஒண்ணு இருக்கறதே எனக்குத் தெரியாதுக்கா."

வெள்ளியங்கிரி அது வரை கதவருகே நின்றிருந்தார். லின்சியின் முகம் வாடியதைக் கண்டபோது, பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

"நீங்களும் நீராகாரம்னீங்க, நானும் நீராகாரம்னேன். ரெண்டு பேரும் தலைய ஆட்டிக்கிட்டோம். நீங்க கேட்டப்பவே எப்படிச் செய்யறதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கோணும் நானு. தெரியுந்தெரியும்னு முந்திக்கிட்டேன்."

செய்தி ஜெரால்டுக்குச் சென்றது. அவர் வந்து போசியை எட்டிப் பார்த்தார். முதலில் அவர் கேட்டது வேறொன்று: "இந்தத் தாளை இதுவரைக்கும் எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கோம்?" இவரைத் தவிர ஏழு பேருக்கு என்றார் லின்சி. அந்த ஏழு பேரையும் லின்சி அப்போதே தொலைபேசியில் அழைத்துக் கேட்டார். மூவர் இதையேதான் பருகிக்கொண்டிருந்தனர். ஈரோட்டுக்காரர் ஒருவர், தொட்டுக்கொள்ள மோர்மிளகாய் சேர்க்கலாமா என்று கேட்பதற்குத் தாமே அழைப்பதாக இருந்தாராம்.

பிற்பகலில் குழு கூடியது. முடிவை ஜெரால்டு வந்து கூறினார்.

"வார்த்தைத் தப்பு எங்களுது. அதை ஒத்துக்கிட்டாங்க. ஆனா கல்லீரல் உங்களுது, அது வார்த்தையைப் பார்த்துச் சுருங்காது. இன்னொரு ரெண்டு வாரம் கொடுத்திருக்காங்க. அப்ப ஸ்கேன் எப்படி இருக்குதோ அதுபடிதான். கோப்புல எழுதினதை இப்ப அடிக்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க. ஸ்கேன் வந்த பிறகு பார்த்துக்கலாமாம்."

"அதுவுஞ் சரிதானுங்க," என்றார் வெள்ளியங்கிரி. உண்மையில் அது அவருக்குச் சரியாகப்படவில்லை. ஆனால் அளவு காட்டாமல் வாதாடுவது அவருக்குப் பழக்கமில்லை.

லின்சி புதிய தாள் எழுதப் பேனாவை எடுத்தார். வெள்ளியங்கிரி தடுத்தார்.

"வார்த்தையா எழுதாதீங்கம்மணி. வார்த்தைக்கு ஆளாளுக்கு ஒரு அர்த்தம். எங்க பட்டறையில தொளை சரியா இருக்குதான்னு பாக்கறதுக்குக் கோ, நோ-கோன்னு ஒரு கேஜு உண்டு. ஒரு மொனை உள்ள போகோணும், இன்னொரு மொனை போகப்படாது. படிக்கத் தெரியாதவனும் சொல்லிப்போடுவான் பாசா, பெயிலான்னு. அந்தாட்டம் ஒண்ணு குடுங்க."

"சாப்பாட்டுக்கு எப்படி சார் கேஜ் கொடுக்கறது?"

"டீ வடிகட்டி இருக்குதுங்களே. அதுல ஊத்துனா ஒட்டுக்கா எறங்கிரோணும். ஒரு பொட்டு மேல தங்குச்சுன்னா நோ-கோ."

லின்சி யோசித்தார். "கரும்புச்சாறுகூடத்தான் சார் வடிகட்டியில இறங்கும்."

"அட, ஆமாங்க," என்று ஒப்புக்கொண்ட வெள்ளியங்கிரி மோவாயைத் தடவினார். "அப்ப ரெண்டு கேஜு போடுங்க. வடிகட்டியில தங்குனா நோ-கோ. நாக்குல இனிச்சா நோ-கோ."

அவ்வாறே எழுதப்பட்டது. லின்சி தாளின் மேற்பகுதியில் ஒரு வடிகட்டியின் படத்தையும் வரைந்து கொடுத்தார். அது கிலுகிலுப்பையைப் போல் இருந்தது.

இரண்டாம் முறை தொடங்கிய கட்டுப்பாடு முதலாவதைப் போன்றதன்று. மூன்றாம் நாள் தலை கனத்தது. நான்காம் நாள் விரல்கள் நடுங்கின. ஒரே காலையில் மூன்று புஷ்ஷுகளை அளவுக்கு மேல் கடைந்து வீணாக்கினார். மாசாணம் அவற்றைக் கையில் உருட்டிப் பார்த்தார்.

"இதுக்குள்ள என்ற சுண்டுவெரலே போயிட்டு வருமாட்ட இருக்குதுங்க. நீங்க போயிச் சித்தெ உக்காருங்க, நாம் பாத்துக்கறேன்."

மதியத்தில் மாசாணம் டிபன் பாக்ஸைத் திறந்ததும் அரிசியும்பருப்புஞ்சோற்றின் வாசனை லேத் வரை வந்தது. வெள்ளியங்கிரி எழுந்து சாலைக்குச் சென்று, வெயிலில் லாரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் முதல் மாசாணம் தம் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பக்கத்துப் பட்டறைக்குப் போய்விட்டு வந்தார். வீட்டிலும் தாளிக்கும் ஓசை நின்று போயிருந்தது. ரங்கம்மாள் காலையில் அவர் பட்டறைக்குச் சென்ற பின்னர் ஒரு வேளை சமைத்து, அதையே இரவும் ஆறியபடி உண்டு வந்தார்.

பதினோராம் நாள் மாலை, அவர் வீடு திரும்பியபோது ரங்கம்மாள் ஒரு டம்ளரை நீட்டினார். அதில் வெண்மையாக, மெல்லிதாக ஏதோ இருந்தது.

"என்னது?"

"கஞ்சித் தெளிவு. சோறு வடிச்ச தண்ணி. உப்புப் போட்டிருக்கறேன். வடிகட்டியில ஊத்திப் பாத்தேன், ஒட்டுக்கா எறங்கிருச்சு. இனிப்பும் இல்லீங்க. ரெண்டு கேஜும் பாசு."

வெள்ளியங்கிரி டம்ளரை வாங்கினார். வெதுவெதுப்பு உள்ளங்கையில் ஏறியது. அதன் மணத்தில் வாய் ஊறியது. அவர் தாளை எடுத்துப் படித்தார். மனைவி கூறியது மெய்யே. தாளின்படி அதனைப் பருகுவதில் பிழையில்லை. மறுநாள் யாரேனும் கேட்டாலும், தாளில் உள்ளபடியே நடந்தேன் என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லலாம்.

ஆயினும் அவர் பருகவில்லை. அரிசிச் சோற்றின் சாரம் முழுவதும் அந்தத் தண்ணீரில்தான் இறங்கியிருக்கிறது என்பதை அறிய ஒருவருக்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. தேய்ந்துபோன கேஜில் நல்ல துளையும் பாஸாகும், கெட்ட துளையும் பாஸாகும். கேஜ் தேய்ந்திருப்பதை அறிந்த பின்னரும் அதனைக் கொண்டே பாஸ் போடுகிறவன் பொய்யனே. இவ்வாறு எண்ணிய அவர் டம்ளரை மேசைமேல் வைத்துவிட்டு லின்சியை அழைத்தார்.

"அம்மணி, சோறு வடிச்ச தண்ணி குடிக்கலாமுங்களா? வடிகட்டியிலயும் எறங்குது, இனிக்கவும் இல்லை."

"வேண்டாம் சார். அதுல மாவுச்சத்து இருக்கும். குடிச்சுட்டீங்களா?"

"இல்லீங்க. மேசை மேல இருக்குது. தாளுல மூணாவதா ஒண்ணு சேத்திக்குங்க: அரிசி, கம்பு, ராகி எந்தத் தானியம் வெந்த தண்ணியும் நோ-கோ. எனக்கு முன்னாடியே தெரியாமப் போச்சு."

"இதோ இப்பவே எழுதிக்கறேன் சார்." பிறகு லின்சி கூறினார்: "நீங்க கேட்டதையும் கோப்புல எழுதறேன். தேதி போட்டு."

ரங்கம்மாள் அந்த டம்ளரை எடுத்துச் சென்று, சமையலறையில் நின்றபடியே தாம் குடித்தார். அன்றிரவு அவர் உட்கொண்டது அது மட்டுமே என்பது வெள்ளியங்கிரிக்குப் பின்னர்தான் தெரிந்தது.

பதினைந்தாம் நாள் எடைப்பொறி நூற்றுப் பதினான்கு காட்டியது. ஸ்கேன் அறையில் குளிர்ந்த பசையை வயிற்றில் தடவிய பெண், கருவியை இரண்டு முறை நகர்த்தி அளந்துவிட்டு ஜெரால்டை அழைத்தார். கல்லீரலின் இடப்பகுதி ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் சுருங்கியிருந்தது. ஜெரால்டு கோப்பை விரித்தார். முன்பு எழுதிய வரியின் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் கையொப்பமிட்டுத் தேதியும் போட்டார். அதன் கீழே புதிதாக ஒரு வரி எழுதினார். கேட்கும் முன்பே படித்தும் காட்டினார்.

"'கொடுத்த அறிவுரையை நோயாளி இரண்டு முறையும் முழுமையாகப் பின்பற்றினார். முதல் முறை அறிவுரையில் பிழை இருந்தது.' போதுங்களா?"

"போதுமுங்க," என்றார் வெள்ளியங்கிரி. தொண்டையைச் செருமிக்கொண்டார். அது கரிப்பினால் என்றே மருத்துவர் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அறுவை நடந்தது. வயிற்றில் ஐந்து சிறு துளைகள் இட்டு, மூன்று மணி நேரத்தில் முடித்துவிட்டனர். வழி தடையின்றி இருந்தது என்று ஜெரால்டு வெளியே வந்து ரங்கம்மாளிடம் கூறினார். உணவுக்குழாயின் தோல் எந்த அளவுக்குத் தேறும் என்பதை ஆறு மாதம் கழித்து மீண்டும் குழாய் இறக்கிப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

இரண்டாம் நாள் வெள்ளியங்கிரிக்கு மருந்து அளக்கும் சிறு கோப்பையில் முப்பது மில்லி தண்ணீர் கொடுக்கப்பட்டது. கால் மணிக்கு ஒரு கோப்பை. அதுவும் ஒரே மடக்காக அன்றி, சிறுகச் சிறுக. முதல் கோப்பை இறங்கிய பின் அவர் மார்பின்மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். துளையிட்ட இடங்களில் வலி இருந்தது. தோளிலும் வலித்தது. மேலே ஒன்றும் ஏறி வரவில்லை. இரண்டாம் கோப்பைக்குப் பின்னரும் வரவில்லை.

"எப்படிங்க இருக்குது?" என்று ரங்கம்மாள் கேட்டார்.

"வலிக்குது. ஆனா கரிக்கலை."

அப்போது லின்சி உள்ளே வந்தார். அறுவைக்குப் பிந்தைய வாரங்களுக்கான உணவுத் தாள் அவர் கையில் இருந்தது. அது வேறொருவர் முன்பே அச்சடித்து வைத்தது. அவர் அதனை ரங்கம்மாளிடம் கொடுத்துவிட்டு, நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்த செவிலியரிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். ரங்கம்மாள் மூக்குக்கண்ணாடியை மாட்டி, தாளைத் தூரத்தில் பிடித்து ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே வந்தார். நடுவில் ஓரிடத்தில் அவர் விரல் நின்றது.

"அம்மணி, இங்க கொஞ்சம் வாங்க. மூணாவது வாரம் கூழ் உணவுன்னு போட்டிருக்குதுங்களே. கம்மங்கூழுங்களா, ராகிக் கூழுங்களா?"

லின்சி திரும்பினார். "ரெண்டும் இல்லைக்கா. பருப்பு, முட்டை, காய் எல்லாத்தையும் நல்லா வேக வைச்சு, மிக்ஸியில அரைச்சு, கூழாட்டம்..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார்.

கட்டிலில் இருந்தவர் சிரிக்க முயன்றார். தையல் இழுத்ததால் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

லின்சி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ரங்கம்மாளின் அருகில் அமர்ந்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

"மொதல் வரியிலிருந்து படிங்கக்கா," என்றார். "ஒவ்வொண்ணுக்கும் உங்களுக்கு என்ன தோணுதுன்னு சொல்லுங்க. நான் அப்புறம் சொல்றேன்."